ஜன்னலைத் திறந்துவிட்டேன்

அன்பு மகன் இஷாக்குக்கு அம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். குவைத்தில் நீயும் உன் அறைப் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத உன் தங்கை அஃப்சானா பேனாவைத் திறந்தாள், அதை விடு, அம்மா சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்று எழுது என்றேன். கீமோ ஏற்றியதிலிருந்து என் விரல் நுனியெல்லாம் மரத்துக் கிடக்கிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக்கிக்கொள், திட்டுகிற இடத்தை மட்டும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன். போட்டோ பிடித்து அனுப்புவாள், முழுதாகப் படி.

கொரோனா மறுபடி பரவியதும் உன் அத்தா என்னைப் பின்னறையில் படுக்க வைத்து, பள்ளிவாசல் பக்கத்து ஜன்னலைச் சாத்தி இடுக்கிலெல்லாம் பழைய துணியைத் திணித்துவிட்டார். கேட்டால், கிருமி வரும், செத்த நேரம் படு என்பார். அய்யலூர் ஆட்டுச் சந்தையை மூடியதிலிருந்து தோல் வியாபாரம் இல்லை, என்னைக் காவல் காப்பதே அவருக்குத் தொழிலாகிவிட்டது. டிவி இல்லை, போன் இல்லை. உன்னோடு பேச மாடிக்குப் போவார், கண் சிவந்து இறங்கி வருவார். நீயும் என் குரலைக் கேட்டால் அழுதுவிடுவாய் என்று என்னிடம் பேசாமலே இருந்திருக்கிறாய். நான் என்ன நினைப்பேன், மகனுக்கு என்னவோ ஆகிவிட்டது, மறைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். சோறு இறங்கவில்லை, தூக்கம் போய்விட்டது. மார்பில் வந்த கட்டிகூட என்னை இந்தப் பாடு படுத்தவில்லை. இனி கீமோவுக்கு வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன், அவரோ நோய் முற்றிவிட்டது என்று நினைத்தார்.

கீமோ வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த வடமதுரை லூர்தம்மாளைச் சொல்லியிருக்கிறேனே, அவள் கூப்பிட்டபோது அஃப்சானா திருட்டுத்தனமாகப் போனைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஏத்தா நர்கீசு, எங்கூர்ல மாதா கோயில்ல சாவு மணி அடிக்காத நாளில்ல, யாருன்னு கேட்டு அழுதுட்டு கஞ்சியக் குடிக்கிறேன், ஒங்க பள்ளிவாசல் மைக்குல மவுத்து சொல்லலியா, திண்டுக்கல்லுக்கு மட்டும் கொரோனா லீவு விட்ருச்சாக்கும் என்றாள். அப்போதுதான் உறைத்தது, யார் இறந்தார் என்று சொல்லும் மவுத் அறிவிப்பு ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. மைக் கரகரத்தபோதெல்லாம் எனக்குக் கேட்காதபடி அத்தா வெறும் மிக்ஸியைப் போட்டு ஓட்டியிருக்கிறார், அஃப்சானா சொல்லிச் சிரித்தாள். எழுந்து துணியைப் பிடுங்கி எறிந்து ஜன்னலைத் திறந்தேன்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு தையல்கடை அப்பாஸின் மவுத்தை அறிவித்தார்கள். உனக்குப் பள்ளிச் சட்டை தைத்தவர். இன்னாலில்லாஹி சொல்லி வாய்விட்டு அழுதேன். அத்தா ஜன்னலைச் சாத்த ஓடிவந்தார், நான் மறித்துக்கொண்டு நின்றேன். இம்புட்டு நாளும் யாருக்கும் அழுகவிடாம வச்சிருந்தீகளே, உசுரோட இருக்கிறவதானே நானு என்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து, நீ ஒடஞ்சிருவேன்னு பயந்துட்டேன் புள்ள, இஷாக்கு நல்லாத்தான் இருக்கான் என்றார். அழுது முடித்ததும் பசித்தது. சோறு போடுங்க, வெஞ்சனம் என்ன என்றேன்.

இப்போது திட்டு. கொரோனா அடங்கும்வரை கீமோவைத் தள்ளிப்போடச் சொன்னது நீதானாம். உடம்பு என்னுடையது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா, கூறுகெட்டவனே. டாக்டரம்மாவிடம் நானே பேசினேன், தள்ளக்கூடாது, மாஸ்க் போட்டுக்கொண்டு வா என்றார். வியாழக்கிழமை கீமோவுக்கு மதுரைக்குப் போகக் கார் பேசியாகிவிட்டது. பயமில்லை என்று சொல்லமாட்டேன். அது என் பயம், நானே வைத்துக்கொள்கிறேன், எனக்குத் தெரியாமல் நீங்கள் பங்கு போட வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு, மாஸ்க்கைத் தாடைக்குப் போடாமல் மூக்குக்குப் போடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியும் தரட்டும். வியாழன் இரவு மறக்காமல் கூப்பிடு, அத்தாவை அல்ல, என்னை. அழுகை வந்தால் அழு, நான் போனை வைக்கமாட்டேன். கீழே இருக்கும் கோணல் கையெழுத்து மட்டும் நானே போட்டது.

உன் அம்மா,
நர்கீஸ்