இறுக்கித் தைத்த ரிப்பன்

இஞ்சாருங்கோ,

இங்கே சுகம். எங்கள் மகள் வினோஜாவின் கோட்-டெ-நெய்ஜ் பள்ளிக்கூடத்துக்கு ரக்பி கிளப்காரர் வந்து விளையாட்டுப் பழக்குகிறார்கள். இடுப்புப் பட்டியில் இரண்டு ரிப்பன் தொங்கும். ஓடும் பிள்ளையிடமிருந்து மற்றப் பிள்ளைகள் அதைப் பறிக்க வேண்டுமாம்.

முதலில் எனக்கு அது தெரியாது. அதிகாரிகள் உங்களை விமானத்தில் ஏற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பியதிலிருந்து, எது கழன்றாலும் எனக்குப் பதறுகிறது. அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த பட்டியோடு ரிப்பன்களை இறுக்கித் தைத்துவிட்டேன். யாரோ இழுக்க, பிள்ளை விழுந்து முழங்கால் உரசிவிட்டது. கிளப்பின் ஆட்டக்காரர் ஒருவர் குந்தியிருந்து என் தையலை வெட்டினாராம்.

மருந்து பூசும்போது சொன்னாள்: "பறிச்ச ஆக்கள் உடனை திருப்பித் தரோணும், அம்மா. அதுதான் ரூல்."

நான் காயத்தை ஊதிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு போனில், அப்பா, எப்போது வருவீர்கள் என்று கேட்பாள். அவளுக்குச் சொல்லும் மறுமொழியை எனக்கும் ஒருக்கால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளையின் அம்மா