பாஸ் கிடாரில் என் பாதி

இன்று காலை, பழுது பார்க்க வந்த ஒரு பாஸ் கிடாரின் தடித்த தந்திகளைக் கழற்றி வேக வைத்தேன். தண்ணீர் கொதித்ததும் அந்த வாசனை எழுந்தது. துரு, எண்ணெய்ப் பிசுக்கு, முகம் தெரியாத எவனோ ஒருவனின் விரல் வியர்வை எல்லாம் கலந்த வாசனை. அம்மா வந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "இன்னாடா இது, பாம்பையா வேக வெக்கிற? இனிமே இந்தக் குண்டான்ல நான் சோறு வடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அந்த ஆவியில் முகத்தை வைத்துக்கொண்டு உன்னை நினைத்தேன். உடனே வயிறு எரிந்தது. செத்துப்போனவனை நினைத்தால் அழுகை வர வேண்டும் என்பார்கள். எனக்கு உன்னை நினைத்ததும் வருவது பொறாமை. அழுகை வருவதாக இருந்தால் அதற்குப் பிறகுதான் வருகிறது.

புதுத் தந்தி வாங்குகிற விலைக்கு இன்னொரு பழைய கிடாரே வாங்கிவிடலாம். அதனால்தான் இந்த வேக வைக்கிற வித்தையைப் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டோம். வேக வைத்து, துணியால் உருவித் துடைத்து, வெயிலில் காயப்போட்டால் செத்த தந்தி இன்னும் கொஞ்ச நாள் பேசும். உங்கள் தவிட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த குடோனில், புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவில் கரண்ட் அடுப்பை வைத்து முதல்முறை செய்தபோது, "மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சற மாதிரியே இருக்குது மச்சி" என்று சிரித்தாய்.

நீ முதன்முதலில் என்னைத் தேடி வந்தது பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நான் வேலை பார்த்த செல்போன் கடைக்கு. கையில் பாண்டி ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிய ஒரு கிடார். ஒயர் சொருகும் துளை பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. "போனைப் பிரிச்சு மேயுறியே, இதைப் பண்ண மாட்டியா?" என்று கேட்டாய். பண்ணினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் நமக்குப் பாண்டிதான். ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனது, காலேஜ் முடிந்ததும் ஆசை விட்டுப்போனவர்கள் தள்ளிவிட்டது, தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் பெயர்ந்தது, கழுத்து கோணியது என்று எது மலிவோ அதை வாங்கி, உன் வண்டியில் குறுக்கே பிடித்துக்கொண்டு வருவேன். மரம் உன் பங்கு. ஒயர் என் பங்கு. அப்படித்தான் பிரித்துக்கொண்டோம்.

உன் பங்கைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் எரிந்தது. கிடாரின் கழுத்தைக் கண்ணருகே தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாய். எந்த இடத்தில் மேடு, எந்த இடத்தில் பள்ளம் என்று விரலை வைத்துக் காட்டுவாய். நானும் பார்ப்பேன். எனக்கு வெறும் கட்டைதான் தெரியும். நம் ஊர் மே மாத வெயிலில், சுற்றியிருக்கும் பாறை மலைகள் எல்லாம் சூடேறி ஊரையே அடுப்புக்குள் வைத்த மாதிரி ஆகும்போது, நேராக்கி வைத்த கழுத்துகள் மறுபடி வளைந்துகொள்ளும். நான் ஆத்திரப்படுவேன். நீ கழுத்துக்குள் ஓடும் கம்பியின் திருகாணியைக் கால் சுற்று மட்டும் திருப்பிவிட்டு, "அவசரப்படாத மச்சி. நாளைக்கு வரைக்கும் விடு. மரம் யோசிச்சுத்தான் முடிவெடுக்கும்" என்பாய். மறுநாள் அது நேராக நிற்கும்.

அப்புறம் அந்தத் தாடை. ஆம்ப்ளிஃபயர் இல்லாதபோது பாஸ் கிடாரின் மரத்தில் தாடையை அழுத்திக்கொண்டு தந்தியை மீட்டுவாய். எலும்பு வழியாகவே சுருதி தெரிகிறது என்பாய். நானும் அழுத்திப் பார்த்தேன். வலித்தது. வேறொன்றும் கேட்கவில்லை. சரி செய்த எல்லாவற்றையும் நீ வாசித்தாய். நான் பற்ற வைத்த ஈயத்தின் வழியாகத்தான் அந்தச் சத்தம் வெளியே போனது. கேட்டவர்கள் உன் விரலை மட்டும் பார்த்தார்கள்.

இன்னொரு பொறாமைக்கு மரமும் காதும் காரணமில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், நீ கோபப்பட முடியாத இடத்தில் இருக்கிறாய்.

குடோனுக்குள் நான் உனக்கு மச்சி. ஏதாவது வாங்க உங்கள் கடை முன்னால் வந்து நின்றால், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் உன் நைனா காதில் விழும்படி, "இன்னா தம்பி வேணும்?" என்பாய். முதல்தடவை கண்ணடித்தாய், நானும் சிரித்தேன். அப்புறம் நீ கண்ணடிப்பதையும் விட்டுவிட்டாய். நான் எந்த ஊர், அந்த ஊரில் ஊரா காலனியா என்ற கேள்வி உன் நைனா வாயிலிருந்து வந்துவிடக்கூடாது. அதற்காக நான் சந்துப் பக்கத்துக் கதவு வழியாகவே வந்துபோனேன். திண்டிவனத்தில் ஒரு பெரிய வீட்டுக்குக் கிடார் கொடுக்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்து காபி குடித்து வாசித்துக் காட்டினாய். என்னிடம், "வண்டியப் பாத்துக்கோடா" என்றாய். அந்த வண்டியை அந்தத் தெருவில் எவனும் திருடப் போவதில்லை என்று உனக்கும் தெரியும். நீ போனில் போட்ட வீடியோக்களில் டார்ச் பிடித்திருக்கும் ஒரு கை வரும். என் முகம் வராமல் மணிக்கட்டோடு வெட்டியிருப்பாய்.

நம்மைப் பிரித்த அந்தப் பாஸ் கிடார் சீயமங்கலம் பக்கத்தில் கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுக்காரர் வீட்டில் கிடைத்தது. சாக்கில் சுற்றி ஆட்டுக்கொட்டகைப் பரணில் போட்டிருந்தார்கள். கழுத்து வில் மாதிரி இருந்தது, உள்ளே ஒயரை எலி தின்றிருந்தது. ஒரு கோடை முழுக்க அதோடு மல்லுக்கு நின்றோம். நீ கிரானைட் துண்டில் உப்புத்தாள் ஒட்டி, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை எல்லாம் ஒரே மட்டமாகத் தேய்த்தாய். நான் பழைய ரேடியோக்களிலிருந்து பாகம் எடுத்து, உள்ளே முழுவதையும் புதிதாகக் கட்டினேன். ஒரு சொட்டு ஈயம் அதிகம் இல்லை.

வேலை முடிந்தால் ஒருத்தன் வாசிக்க, மற்றவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து குறை கேட்க வேண்டும் என்பது நம் வழக்கம். பார்த்தால் காது ஏமாந்துவிடும் என்று நீதான் ஏற்படுத்தினாய். அன்றைக்கு நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். நீ வாசித்தாய். சத்தம் தரை வழியாக வந்து என் விலா எலும்பில் ஏறியது. மேலே தொங்கிய தகரம் நடுங்கியது. ஒரு குறையும் இல்லை. எனக்கு அது வேண்டும் என்று தோன்றியது. வாழ்க்கையில் எந்தப் பொருளையும் அப்படி ஆசைப்பட்டதில்லை. என் முகத்தை நீ பார்க்காதது நல்லதாகப் போயிற்று.

நான் திரும்புவதற்குள் நீ முந்திக்கொண்டாய். "இதை விக்கல மச்சி. இது எனக்கு."

சரி செய்த எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் நம் சட்டம்தான். அதைச் சொன்னேன். இதில் பாதி என்னுடையது என்றும் சொன்னேன். நீ அதைக் கீழே வைக்கவில்லை. தந்தியைத் துடைத்துக்கொண்டே, "ஒயரு யாரு வேணா வெப்பான்டா" என்றாய்.

நான் ஈயம் வைக்கும் என் சால்டரிங் கட்டையின் ஒயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதன்பின் வரவில்லை. நீயும் கூப்பிடவில்லை.

பிறகு திண்டிவனம் ரோட்டில் அந்த லாரி உன் வண்டிமேல் ஏறியது. கடைவீதியில் உங்கள் கடை ஷட்டர் இறங்கியிருந்ததை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. உன்னை எடுத்துக்கொண்டு போனபோது எதிர்ப்பக்கம் ஜூஸ் கடை ஓரமாக நின்றேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு நான் யார்?

காரியம் எல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் உன் தங்கச்சி எங்கள் செல்போன் கடைக்கு வந்தாள். அவளை எனக்குத் தெரியும். அவளுக்கு என்னைத் தெரியவில்லை.

"அண்ணா, கிடாருல்லாம் பாப்பீங்களா? எங்க அண்ணனோடது. சத்தமே வர மாட்டேங்குது. அம்மா ஒரே ஒரு தடவ கேக்கணும்னு சொல்றாங்க."

உங்க அண்ணன் என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறானா என்று கேட்டேன். அவள் குழம்பிப்போய், "உங்கள அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. நீதான் சொல்லாமல் இருந்திருக்கிறாய், இத்தனை வருஷமும்.

உங்கள் வீட்டுக் கூடத்தில் அப்போதுதான் முதன்முதலாக உட்கார்ந்தேன். மாலை போட்ட உன் படத்துக்குக் கீழே அந்தப் பாஸ் கிடாரைச் சாத்தி வைத்திருந்தார்கள். பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே நான் கட்டியிருந்த ஒயர்களில் ஒன்று பிய்ந்து, அதன்மேல் ஈயம் கட்டி கட்டியாக, காக்கா எச்சம் மாதிரி அப்பியிருந்தது. பக்கத்து ஒயரின் மேல்தோல் கருகியிருந்தது. சின்னப் பிள்ளை கூட அப்படி வைக்காது. இதை யார் செய்தது என்று கேட்டேன்.

உன் தங்கச்சி சொன்னாள். திடீரென்று ஒருநாள் சத்தம் நின்றுபோனதாம். நைனா, "நீதான ஒயர் வேலையும் பண்றேன்னு சொல்லுவ, பண்ணு பாக்கலாம்" என்றாராம். நீ எங்கிருந்தோ ஒரு சால்டரிங் கட்டை வாங்கி வந்து, எல்லோருக்கும் எதிரில், ஊதி ஊதி வைத்தாயாம். அதற்கப்புறம் அது பேசவே இல்லையாம்.

அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் படத்துக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு சந்தோஷப்பட்டேன். யார் வேண்டுமானாலும் வைப்பான் என்று சொன்ன வேலை உனக்கு வரவில்லை. பழைய ஈயத்தை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். ஆம்ப்ளிஃபயரில் சொருகி ஒரு தந்தியைத் தட்டினேன். கூடம் அதிர்ந்தது. உன் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். "அவன் வாசிப்பானே, அது மாதிரி கொஞ்சம் வாசிப்பா" என்றார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொன்னேன். அந்த வீட்டில் அன்றைக்கு நான் பட்ட அவமானம் அதுதான். ஒற்றைத் தந்தியை மட்டும் மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சாமான்களை எடுத்துவைக்கும்போது உன் நைனாவிடம் சொன்னேன். "சார், இதுல ஒயர் வேலை மொத்தமும் மொதல்லேருந்து நான் பண்ணது. எல்லாக் கிடாருலயும் நான்தான்."

உன் அம்மாவும் தங்கச்சியும் உள்ளே போகட்டும் என்று அவர் காத்திருந்தார். அப்புறம், "தெரியும்ப்பா" என்றார். "அன்னிக்கு அந்தச் சால்டரிங் கட்டையப் புடிச்சிக்கினு அவன் கை ஆடினதைப் பாத்தப்பவே தெரிஞ்சிப் போச்சு. இது வேற ஒருத்தன் வேலைன்னு."

"தெரிஞ்சும் யாருன்னு அவன்கிட்ட கேக்கலியா?"

"கேட்டா சொல்லிடுவான். சொல்லிட்டான்னா நான் எதனா செய்யணும்."

அவர் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, திமிராகவும் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் பதில் சொல்கிற மாதிரி சொன்னார். நீ சொல்லாமல் இருந்தாய், அவர் கேட்காமல் இருந்தார். உங்கள் வீட்டில் அன்புக்கு அப்படி ஒரு ஏற்பாடு. அதற்கு இடைஞ்சல் இல்லாமல் நான் சந்துக்கதவைச் சாத்திக்கொண்டு போய்வந்திருக்கிறேன். இந்த ஊரில் இப்படித்தான் எல்லாமே ஓடுகிறது. எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள்.

பாஸ் கிடாரைக் காட்டி, "இதை நீயே எடுத்துக்கினு போ. இங்க இருந்தா அவன் அம்மா தினம் பாத்துப் பாத்து அழுவா" என்றார். மானமுள்ளவன் வேண்டாம் என்று சொல்லியிருப்பான். நான் எடுத்துக்கொண்டேன். அதில் பாதி எப்போதும் என்னுடையது.

இப்போது எங்கள் வீட்டு முன்னறையில்தான் வேலை. மரம், ஒயர் இரண்டையும் நானே செய்கிறேன். கழுத்தைத் தூக்கிப் பார்த்தால் மேடு பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது. உனக்குத் தெரிந்த அளவுக்கு இல்லை. திருவண்ணாமலையிலிருந்து, பாண்டியிலிருந்து எல்லாம் ஆள் வருகிறார்கள். காலனி என்று தெரிந்ததும் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திப் போன் பண்ணி, "நீங்களே கொஞ்சம் எடுத்துக்கினு வந்துடுங்களேன்" என்று கெஞ்சுகிறவர்களும் உண்டு. வேண்டுமானால் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்துவிடுகிறேன். கடைசியில் வருகிறார்கள்.

வந்து உன் பாஸ் கிடாரைப் பார்த்துவிட்டு இது யார் செய்தது என்று கேட்பார்கள். மரவேலை நீ, ஒயர் வேலை நான் என்று இரண்டு பெயரையும் சொல்கிறேன். என் பெயரை நீ ஒரு இடத்திலும் சொல்லவில்லை, உன் பெயரை நான் எல்லா இடத்திலும் சொல்ல வேண்டும். இதிலாவது உன்னைவிட ஒரு படி மேலே நிற்கலாம் என்ற எண்ணம்தான், பெருந்தன்மை கிடையாது. ஆனால் இதிலும் நீதான் ஜெயிக்கிறாய். உன் பெயரைக் கேட்டதும் அவர்கள் முகம் மாறிவிடுகிறது. ஒயர் விஷயத்தை அத்தோடு மறந்துவிடுகிறார்கள். "அந்தத் தம்பியா? இன்னாமா வாசிப்பாரு" என்கிறார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு, ஆமாம் என்கிறேன். உன் வாசிப்பை முதுகில் வாங்கியவன் நான் ஒருத்தன்தான். வேறென்ன சொல்ல?