கைதட்டாத மிளகாய்

ஜூன் 9

அன்பான மிளகாய்,

விளையாட்டு விடுதிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். கைபேசியை வார்டன் வாங்கி வைத்துக்கொண்டார், அதனால்தான் கடிதம். எட்டுப் பேருக்கு ஓர் அறை. எல்லோரும் காலுக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்துச் சுவர்கூட நெடியடிக்கிறது.

கிளம்புமுன் ஆலயத்தில் எனக்காக நன்றி சொல்லி ஜெபித்தார்களே, கண்ணைத் திறந்தால் உன்னைக் காணோம். தலைவலியா? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் நெட்டை

ஜூன் 20

நெட்டைக்கு,

தலைவலி இல்லை, வயிற்றெரிச்சல். அந்த விடுதியில் இருந்தது ஒரே இடம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டுத்தான் கேட்டோம். உனக்குக் கிடைத்தது. அதற்கு நான் நன்றி வேறு சொல்லவேண்டுமா?

போன வருஷம் உன் கணுக்கால் பிசகியபோது உன் வீட்டிலேயே கிடந்து உன்னோடு அழுதேன். அது தானாக வந்தது. இது வரமாட்டேன் என்கிறது. வாலிபர் கூட்டம் நடத்தும் அக்கா, "அடுத்தவங்க சந்தோஷத்துல நாமளும் சந்தோஷப்படணும், அதுதான் கிறிஸ்து காட்டின வழி" என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி எழுதாதே.

மிளகாய்

ஜூலை 2

மிளகாய்க்கு,

எழுதத்தான் செய்வேன். நான் விழுந்து கிடந்தால் உனக்குப் பிடிக்கும், எழுந்து ஓடினால் பிடிக்காது. இது என்ன சிநேகிதம்?

போன வருஷம் கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டு வந்து, நான் வாங்கவேண்டிய கோப்பையை நீ வாங்குவதைப் பார்த்தேன். உள்ளே பற்றி எரிந்தது. 'இயேசுவே, இவளுக்காக என் கையைத் தட்ட வையும்' என்று கெஞ்சிக் கேட்டுத்தான் தட்டினேன். அது சும்மா வந்த சந்தோஷம் என்றா நினைத்தாய்?

பதினைந்தாம் தேதி இங்கே போட்டி. வராதே. முறைத்துக்கொண்டு நிற்க எனக்கு ஆள் வேண்டாம்.

நெட்டை

ஜூலை 17

நெட்டைக்கு,

வராதே என்றாய், அதனாலேயே வந்தேன். நீ தோற்பதைப் பார்க்கலாம் என்றுதான் பஸ் ஏறினேன். பொய் சொல்ல விருப்பமில்லை.

கடைசி வளைவில் நீ எல்லோரையும் முந்தியபோது என் வாய் கசந்தது. உன் ஜெபத்தையே சொல்லிப் பார்த்தேன். கை எழவில்லை. மறுபடி சொன்னேன். நீ கோட்டைத் தாண்டிவிட்டாய். மற்றவர்கள் தட்டி முடித்தும்விட்டார்கள். அப்புறம்தான் நான் ஆரம்பித்தேன். வேலிப் பக்கம் ஒருத்தி மட்டும் பைத்தியம் மாதிரித் தட்டிக்கொண்டிருந்தாளே, திரும்பியாவது பார்த்தாயா, கழுதை?

உன்மேல் கோபம் தீரவில்லை. பாதி மனசோடுதான் தட்டினேன். அடுத்த போட்டி எங்கே என்று எழுது. மீதியையும் கொண்டுவருகிறேன்.

மிளகாய்