தட்டை வாங்கிய கை

லூர்தம்மாளின் உதவித்தொகை இதுவரை ரத்தாகவில்லை. மதராஸ் குழுவின் செயலாளரே நேற்று மாலை டிரங்க் காலில் என்னிடம் சொன்னார். நீங்கள் இருந்திருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பீர்கள்.

இன்று காலை பேகம்பூர் அச்சாபீசிலிருந்து அய்யலூர்ப் பக்கத்து நாடகத்துக்கான நோட்டீசுக் கட்டு வந்தது. ரோஸ் காகிதம், மை காயாமல் விரலில் ஒட்டியது. அந்த வாசனை வந்ததும், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த உங்கள் மாடி அறைக்குள் நிற்பது போலிருந்தது. நோட்டீசில் கதாநாயகிக்கான இடத்தில் லூர்தம்மாளின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. அங்கே இருக்கக் கூடாத பெயர் அது.

ஊரே உங்களை மேனேஜர் என்றுதான் கூப்பிட்டது. கோயில் திருவிழாவுக்கு நாடகம் வேண்டும் என்று கிராமத்தார் வருவார்கள். ராஜா வேஷம் கட்டும் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் கதாநாயகியை இன்னோர் ஊரிலிருந்தும் நீங்கள் வரவழைப்பீர்கள். ஒத்திகை கிடையாது. அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதே மேடையில்தான். அந்த வேலையை ஒரு தேர்ந்த மேனேஜரிடம் ஓராண்டு இருந்து கற்றுக்கொள்பவருக்கு மாதாமாதம் பணம் தருவதாக, நாடகக் கலைக்கு உதவும் மதராஸ் குழு அறிவித்தபோது, மனுப் போடச் சொல்லி லூர்தம்மாளை அழைத்து வந்தவன் பத்திரிகை நிருபரான நான். முப்பது வருடம் கதாநாயகியாக நடித்தவர், உங்களைவிட மூத்தவர். வேஷம் வருவது நின்றுபோயிருந்தது. முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. இந்த வேலையும் இல்லையென்றால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

“தம்பிகிட்ட போயி வாத்தியார்னு கையெழுத்து வாங்க வேண்டியதாப் போச்சு” என்றார் அவர்.

“என்னைய வாத்தியார்னு சொல்ல இப்பத்தான் ஒரு ஆளு கெடச்சிருக்கு. செத்த நேரம் அனுபவிக்க விடுங்கக்கா” என்றீர்கள்.

குழு இரண்டு நிபந்தனைகள் வைத்திருந்தது. வழிகாட்டி ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பயிற்சி பெறுபவர் அந்த ஆண்டு முழுவதும் கூலிக்கு மேடையேறக் கூடாது.

ஆட்டுச் சந்தை முடிந்த மறுநாள் அய்யலூர்ப் பக்கத்து ஆட்கள் வந்தபோது நீங்கள் டீக்கடைக்குப் போயிருந்தீர்கள். நான் மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கிராமத்தார் நீட்டும் வெற்றிலைத் தட்டை மேனேஜர் கையில் வாங்குவதில்லை. பாயில் வைக்கச் சொல்லி ஒரே ஒரு வெற்றிலையை எடுத்துக்கொள்வார். ஆள் அனுப்புகிறேன் என்று அதற்குப் பொருள். நடிப்பவர்தான் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நானே வருகிறேன் என்று பொருள். லூர்தம்மாள் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வந்தவர்களில் மூத்தவரின் முகம் மலர்ந்துவிட்டது. “ஆத்தா, நீயேவா வார? எங்க ஊரு மேடையில ஒன்னையப் பாத்து எம்புட்டு வருசமாச்சு” என்றார். லூர்தம்மாள் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். நீங்கள் மாடியேறி வருவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்.

“கண்ணுல ஒத்துனீங்களா?” என்று மட்டும் கேட்டீர்கள்.

“ஒத்திட்டேன் தம்பி. கை அதுவாப் போயிருச்சு.”

ஊருக்கு ஆள் அனுப்பி, தவறு நடந்துவிட்டது என்று சொல்லிவிடலாமே என்றேன். நீங்கள் என்னைப் பார்க்காமலே பதில் சொன்னீர்கள். “சொல்லலாம். நாளப்பின்ன இந்தம்மா எடுக்குற வெத்தலைய எவன் நம்புவான்? அக்கா, நீங்க போயி நடிங்க. மெட்ராஸ்ல இருக்கவுகளுக்குத் தட்டுன்னா என்னன்னு தெரியாது. நான் நேர்ல போயி சொல்லிட்டு வாரேன்.”

ரயிலுக்கு இடமும் எடுத்திருந்தீர்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள் நெஞ்சு வலி வந்தது. நீங்கள் ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை.

நேற்று செயலாளர் இரண்டு கேள்விகள் கேட்டார். உங்கள் இடத்தில் பொறுப்பேற்க வேறு யாராவது உண்டா என்பது முதல் கேள்வி. திண்டுக்கல்லில் இத்தொழிலில் இருக்கும் எல்லாரையும் பார்த்துவிட்டேன் என்றும், ஒருவர் மட்டும் யோசித்துச் சொல்வதாக இருக்கிறார் என்றும் சொன்னேன். அடுத்து, அந்த அம்மாள் நிபந்தனைப்படி நடக்கிறாரா என்று கேட்டார்.

லூர்தம்மாள் தபாலாபீசில் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். கேள்வி அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். “தம்பி சொல்லப் போனத நீங்க சொல்லிருங்க. போனாப் போகட்டும்” என்றார். சொன்னவரின் விரல்கள் கம்பித் தடுப்பை விடவில்லை.

தட்டைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் சொல்லியிருந்தால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பீர்கள். “வெற்றிலையை வாங்கினால் அது ஒப்பந்தமா?” என்றார் செயலாளர். ஆம் என்றேன். குழு கூடும்போது சொல்வதாகக் கூறி வைத்துவிட்டார்.

வெளியே வந்ததும், அவர் நம்பின மாதிரி பேசினாரா என்று லூர்தம்மாள் கேட்டார். குரலை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை என்றேன். “பேப்பர்க்காரருக்கே தெரியலயா?” என்று சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நாடக நாளில் நீங்கள் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு, வந்து நிற்கும் ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிற முகங்களைப் பார்த்தபடி நிற்பீர்கள். வர வேண்டிய கடைசி ஆள் இறங்கும்வரை உங்களிடம் யாரும் பேச முடியாது. அப்போது உங்களைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது அந்தப் பதற்றத்தோடு பஸ் நேரங்களைக் குறித்துக்கொண்டிருக்கிறேன். உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அதுதான்.

வெள்ளிக்கிழமை நாடகம். கதாநாயகி போக மற்ற எல்லாரையும் லூர்தம்மாளே பேசி முடித்திருக்கிறார். மேனேஜராக அவர் கொடுத்த வாக்கின் பேரில் வருகிறவர்கள் அவர்கள். ராஜபார்ட் புதுக்கோட்டை பஸ்ஸில் வர வேண்டும். ஆர்மோனியக்காரர் காரைக்குடியிலிருந்து வர வேண்டும். வருவதாக இருவரும் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். இதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை. லூர்தம்மாள் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருக்கும்போது பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன்.

சனிக்கிழமை குழு கூடுகிறது. முடிவைத் திங்கட்கிழமை தந்தியில் தெரிவிப்பார்களாம்.