அம்மாவின் முகம் தெரியாத போன்

அன்புள்ள அம்மாவுக்கு, பெர்லினிலிருந்து மகள் போக்னா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகமாகவே இருக்கிறேன்.

உங்கள் மருமகன் வித்தோல்டை விட்டு வந்த பிறகும், என் பழைய போன் நான் போகும் இடத்தையெல்லாம் அவனுக்குக் காட்டிக்கொடுத்தது. சலவைக்கூடத்தில் என்னுடன் வேலை செய்யும் ஊல்ரிகே எனக்கு லினக்ஸ் என்ற வேறு மென்பொருளில் ஓடும் போன் ஒன்றைத் தயார் செய்து தந்தாள். "இது உன்ன உளவு பாக்காதுடி. ஆனா நீயும் உங்கம்மாவும் முகம் பாத்துப் பேசுற ஆப் இதுல வராது. பரவால்லயா?" என்றாள். தலையாட்டினேன். அதனால்தான் இப்போதெல்லாம் வெறும் குரல்.

திங்களன்று அவன் சலவைக்கூட வாசலில் நின்றான். பயப்படாதீர்கள், அடிக்கவில்லை. சிரித்தான்.

"போன மாத்திட்டா விட்டுடுவேனா? அத்தைதான் அழுதுகிட்டே அட்ரஸ் குடுத்தாங்க. நாம சேந்து வாழணுமாம்."

ஊல்ரிகே போலீசைக் கூப்பிட்டதும் போய்விட்டான். மறுபடி வருவான்.

நீங்கள் நல்லது நினைத்துத்தான் செய்தீர்கள். வேலையையும் அறையையும் விட்டுவிட்டேன். வேறு ஊருக்குப் போகும் பேருந்து வந்துவிட்டது, அவசரமாக முடிக்கிறேன். கிறிஸ்துமஸ் சூப்புக்குக் காய்ந்த காளான் கொஞ்சம் அனுப்பச் சொல்ல ஆசையாக இருக்கிறது. எங்கே அனுப்புவது என்றுதான் உங்களிடம் இனிச் சொல்ல முடியாது, அம்மா.

உங்கள்
போக்னா