மிதாலி பாடிய வரி

அந்தமான். செவ்வாய், இரவு.

வெள்ளிக்கிழமை என் ஆல்பம் வெளியாகிறது. இன்று வீட்டுக்கு வந்த அண்ணிக்கு, மிதாலி விருந்தினராகப் பாடிய பாட்டைப் போட்டுக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னார்.

"ஏம்மா, 'வீட்டுக்கு வழி தெரியும்'னுதானே எழுதின? அந்தப் பொண்ணு 'வலி தெரியும்'னு பாடுது. மெயின்லேண்ட்ல கேக்குறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

ஒரு மாதமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு உறைக்கவே இல்லை.

மிதாலி வங்காளி, தமிழ் தெரியாது. வரிகளை இந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்தவள் நான். அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்தேன். 'வலி' என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்தியில் ழகரம் இல்லை. வாயால் சொல்லித் தந்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். அவள் இருந்ததை இருந்தபடி பாடியிருக்கிறாள்.

சாயங்காலம் அக்கரையிலிருக்கும் பாம்பூஃப்ளாட்டிலிருந்து அவளே போனில் கூப்பிட்டாள். "தீதீ, ஃபெரி மே சப்கோ சுனாயா. டீக் காயா நா?" படகில் வந்த எல்லாருக்கும் பாடிக் காட்டினாளாம். சரியாகப் பாடினேனா என்று கேட்கிறாள்.

"பஹுத் அச்சா" என்று பாராட்டிவிட்டேன். நாளை வந்து அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் பாடு என்று சொல்லியிருக்கலாம். பத்து நிமிட வேலை. வாய் வரவில்லை.

இறந்துபோன கணவரைச் சுடுகாட்டில் எரித்துவிட்டு இந்த வீட்டுக்குத் தனியாகத் திரும்பிய வாரம் எழுதிய பாட்டு அது. பாட்டு முழுக்கத் தைரியமாகத்தான் இருக்கிறேன்.

இப்போது கட்டிலில் உட்கார்ந்து அந்த வரியை மெதுவாகப் பாடிப் பார்த்தேன். எனக்கும் ழகரத்துக்கு நாக்கு மடங்கவில்லை.