நான் போகும் நாளின் தண்ணீர்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

முடிச்சூரில் இன்றைக்கும் ஒரு வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளோரின் இருக்கிறதா என்று பார்த்தேன். மருந்துச் சொட்டு விட்டதும் மஞ்சளானது; குளோரின் இருக்கிறது. வழக்கம்போல ‘பாதுகாப்பானது’ என்று எழுதினேன்.

அந்த வீட்டு அக்கா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய மகள் வாந்திபேதியில் நாலு நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

“நீங்க வர்ற அன்னைக்கு மட்டும்தான் தண்ணியில பிளீச்சிங் பவுடர் வாசனை வருது மேடம். தினமும் வாங்களேன்” என்றார்.

போகும்போது குழாயில் தண்ணீர் வரவேண்டுமே என்று, முந்தின நாளே ஊர்த் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டருக்குப் போன் பண்ணுவது நான்தான்.

“சரிங்க மேடம், ரெடி பண்ணிடறேன்” என்பார் ஒவ்வொரு முறையும்.

எதை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.